மனநல வார்டில் உரிமைகள்: நர்சிங் மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மனநலம் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் என்ற பாடம் பல நர்சிங் கல்லூரிகளில் ஒரே வகுப்போடு முடிந்துவிடுகிறது. மாணவிகள் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். அதே மாணவி இரண்டு மாதம் கழித்து இரவு டியூட்டியில் நிற்கும்போது, "இந்தக் கையக் கொஞ்சம் பிடிம்மா, கட்டணும்" என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் பிடித்துவிடுகிறார். படித்த சட்டத்துக்கும் பிடித்த கைக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை.

மதுரையிலும் திண்டுக்கல், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களிலும் மனநலச் செவிலியம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். பி.எஸ்சி. நர்சிங்கில் இந்தப் பாடம் ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் வருகிறது, ஜி.என்.எம். டிப்ளமா வகுப்புக்கும் இதே முறை பொருந்தும். எங்கள் கருத்து இதுதான்: உரிமைகளைச் சட்டப் பிரிவுகளின் வரிசையில் நடத்தக் கூடாது. நோயாளி வாசலில் வந்து இறங்குவதில் தொடங்கி வீடு திரும்புவது வரை, நர்ஸின் கை எங்கெல்லாம் அவர்மேல் படுகிறதோ அந்த வரிசையில் நடத்த வேண்டும்.

படி 1: போஸ்டிங்குக்கு முன் செய்ய வேண்டியவை

ஐந்து அமர்வுகள் ஒதுக்குங்கள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூன்றை வார்டு போஸ்டிங் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். மற்ற இரண்டை போஸ்டிங் நடக்கும்போது, வார்டில் அன்று பார்த்ததை வைத்து நடத்துங்கள். நடித்துப் பார்க்கும் பயிற்சிகளுக்கு ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் வேண்டாம். 60 பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்தால் நான்கு பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் ஏற்கப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. 1987-ஆம் ஆண்டின் பழைய சட்டம் அதோடு போய்விட்டது. ஆனாலும் பழைய பாடநூல்களில், நோயாளியைச் சேர்க்க மாஜிஸ்திரேட் தரும் "ரிசப்ஷன் ஆர்டர்" என்றெல்லாம் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நீங்களே அடித்துவிட்டுக் கொடுங்கள். முழுச் சட்டத்தையும் நகலெடுத்துத் தந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். பிரிவுகள் 3, 4, 5, 14, 18 முதல் 28 வரை, 85 முதல் 98 வரை, 115 ஆகியவை போதும்.

கூடவே தேவைப்படுபவை: வேண்டுமென்றே எட்டுத் தவறுகள் வைத்து நீங்கள் தயாரித்த ஒரு மாதிரி கேஸ் ஷீட், பஞ்சு வைத்துத் தைத்த துணிப்பட்டைகள், ஒரு கட்டில், ஒரு கடிகாரம்.

முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்த அறையில் இருப்பவர்களிலேயே அம்மாவுக்கோ அண்ணனுக்கோ மனநோய் உள்ளவர்கள் இருப்பார்கள். தானே மாத்திரை எடுப்பவர்களும் இருக்கலாம். யாரும் சொந்தக் கதை சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐப் பலகையின் மூலையில் எழுதி வைத்து, ஐந்து அமர்வு முடியும் வரை அழிக்காதீர்கள்.

படி 2: ஏர்வாடியிலிருந்து தொடங்குங்கள்

நம் பக்கத்து மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை, உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது.

இதைப் படங்கள் காட்டி நடத்த வேண்டாம். மாணவர்கள் படத்தில் உறைந்துபோவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு கேள்விகள் போதும். தீ பிடித்தபோது ஓட முடிந்தவர் யார், முடியாதவர் யார்? அந்தக் குடும்பங்கள் ஏன் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டன?

இரண்டாவது கேள்வியில் நேரம் செலவிடுங்கள். யாராவது "மூடநம்பிக்கை" என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கிராமத்திலிருந்து மனநல மருத்துவர் இருக்கும் ஊருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும், கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போவது எவ்வளவு, இரவில் கத்தும் மகனை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தின் பேச்சைத் தாங்க வேண்டியிருப்பது, கோயிலோ தர்காவோ யாரையும் திருப்பி அனுப்பாது என்பது, எல்லாம் பலகையில் வரட்டும். வார்டில் அந்தக் குடும்பத்தைக் குற்றவாளியாகப் பார்க்கும் நர்ஸிடம் அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மந்திரித்துவிட்டு வந்ததை மறைப்பார்கள், நிறுத்திய மாத்திரையையும் மறைப்பார்கள்.

பிறகு பிரிவு 95-ஐப் படிக்கச் சொல்லுங்கள். மனநோய் உள்ளவரை எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை. தசை தளர்த்தும் மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கொடுக்கக் கூடாது என்பதும், மனநோய்க்குச் சிகிச்சையாகக் கருத்தடை செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளன. துணியால் கட்டுவது வேறு பிரிவு, 97. மாணவர்கள் இந்த இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள். சங்கிலி எப்போதும் தடை. துணிக்கட்டு கடுமையான நிபந்தனைகளோடு மட்டும். இதை இங்கேயே பிரித்துக் காட்டிவிட்டால் படி 5 எளிதாகும்.

படி 3: "இவருக்கு முடிவெடுக்கத் தெரியுமா?"

மற்ற எல்லா உரிமைகளும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகின்றன. பிரிவு 4 மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. சிகிச்சை பற்றிய தகவலை அவரால் புரிந்துகொள்ள முடிகிறதா? சிகிச்சை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று அவரால் உணர முடிகிறதா? தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா? நமக்கு அந்த முடிவு தவறாகத் தெரிவதால் மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது. சட்டமே இதைச் சொல்கிறது.

கீழே உள்ளது போன்ற இரண்டு அட்டைகளை எழுதிக் கொடுங்கள்.

முதல் அட்டை. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி, வயது 45. காதுக்குள் குரல் கேட்கிறது என்கிறார். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டு சொல்கிறார்: "அந்த ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கழுத்து ஒருபக்கமா இழுத்துக்குது சிஸ்டர். மாத்திரையாக் குடுங்க, முழுங்கிக்கிறேன்."

இரண்டாம் அட்டை. மேலூரைச் சேர்ந்த கல்லூரி மாணவி, மிகை எழுச்சி நிலை (மேனியா). படிவத்தை நீட்டியதும் சிரித்துக்கொண்டே, "எல்லாம் போடுங்கக்கா, எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். எதற்குக் கையெழுத்து என்று கேட்டால், "கலெக்டர் ஆகுறதுக்கு" என்கிறார்.

யாருக்குத் திறன் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான வகுப்பு தலைகீழாகச் சொல்லும். மறுத்தவருக்குத் திறன் இல்லை, ஒத்துக்கொண்டவருக்கு இருக்கிறது என்று. விவசாயிக்குக் குரல் கேட்கலாம்; ஆனால் மருந்து என்ன செய்யும் என்று தெரிந்து, மாற்று வழியும் கேட்கிறார். அவர் மறுப்புக்குள் ஒரு மருத்துவத் தகவலும் இருக்கிறது: முன்பு கொடுத்த ஊசியில் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது. அதை டாக்டரிடம் சொல்லாமல் நான்கு பேர் பிடித்து ஊசி போட்டால் உரிமை மீறல் மட்டுமல்ல, சிகிச்சையும் தவறு. அந்தப் பெண்ணின் கையெழுத்தோ வெறும் மை.

திறனை மதிப்பிட்டு எழுதுவது மருத்துவரின் வேலைதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆமாம். ஆனால் மருத்துவர் பார்ப்பது சில நிமிடம். நர்ஸ் பார்ப்பது எட்டு மணி நேரம். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் குழம்பினார் என்பது நர்ஸின் குறிப்பில் இருந்தால்தான் தெரியும். திறன் நிலையானதல்ல. முடிவெடுக்க மிகுந்த உதவி தேவைப்படுபவரைச் சேர்க்கும் ஆதரவு அட்மிஷனில் அதை வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்.

படி 4: எந்த வாசல் வழியாக வந்தார்?

கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்ததும் மாணவர் முதலில் தேட வேண்டியது நோயின் பெயரை அல்ல. எந்தப் பிரிவில் அட்மிஷன் என்பதை.

தானே விரும்பிச் சேருவது பிரிவு 86. இவர் அனுமதியில்லாமல் சிகிச்சை இல்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று தோன்றினால், பிரிவு 88-இன்படி 24 மணி நேரம் வரை மட்டும் நிறுத்திவைத்து மதிப்பிடலாம்.

ஆதரவு அட்மிஷன் பிரிவு 89. இதற்கு நியமனப் பிரதிநிதியின், அதாவது நோயாளி முடிவெடுக்கத் துணை நிற்பவரின், விண்ணப்பம் வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தனக்குத் தீங்கு, பிறருக்குத் தீங்கு, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவு நிலை, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். 30 நாள் வரைதான். நோயாளிகளின் உரிமைகளைக் காக்கச் சட்டப்படி அமைந்த மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண் என்றால் 3 நாளுக்குள். 30 நாளைத் தாண்டினால் பிரிவு 90, வாரியத்தின் ஒப்புதலோடு.

அவசர சிகிச்சை பிரிவு 94. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் தொடங்கலாம். 72 மணி நேரம்தான் எல்லை. இதில் மின்னதிர்வு சிகிச்சை கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பிரிவு 87: பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, பிரதிநிதி கூடவே தங்க வேண்டும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல்.

இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, "வீட்டாள் கையெழுத்துப் போட்டாச்சு, போதும்" என்பது. நோயாளி யாரையும் எழுதித் தராதபோது உறவினர் பிரதிநிதியாகலாம்தான். ஆனால் நோயாளி தெளிவாக இருந்த காலத்தில் வெள்ளைத்தாளில் யாரையாவது எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்திருந்தால் அவர்தான் பிரதிநிதி. அது சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சொத்துத் தகராறு உள்ள வீட்டில் இது எவ்வளவு முக்கியம் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை பிரிவு 5-இல் உள்ளது. இதை மாணவர்கள் தங்களுக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும். தாளைத் திரும்ப வாங்காதீர்கள்.

படி 5: கட்டுப்போடுதல்

ஒரு முழு அமர்வும் இதற்குத்தான். மற்றதில் சுருக்கினாலும் இதில் சுருக்க வேண்டாம்.

பிரிவு 97 சொல்வதை முதலில் வாயால் சொல்ல வைக்கவும். தனிமைச் சிறைபோல் அடைத்துவைப்பது அறவே கூடாது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டலாம். சிகிச்சைப் பொறுப்பில் உள்ள மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தண்டனையாகவோ மிரட்டலாகவோ கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை ஒரு காரணம் ஆகாது. தேவைக்கு ஒரு நிமிடம்கூட மேலே போகக் கூடாது. முறை, காரணம், நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். நடந்த எல்லாக் கட்டும் மாதந்தோறும் வாரியத்துக்குப் போக வேண்டும்.

பிறகு கட்டிலுக்குப் போங்கள். கட்டுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தைத்தான் முதலில் பயிற்ற வேண்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு கை நீளத் தொலைவில், நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். டிவியை அணைக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களை வெளியேற்ற வேண்டும். வயதுக்கேற்ப "ஐயா", "அண்ணே", "அம்மா" என்று கூப்பிட வேண்டும். "டேய்", "ஏய்" அறவே கூடாது. தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். "என்னண்ணே வேணும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே காத்திருங்கள். பாதிக் கேஸில் பதில் மிகச் சின்னதாக இருக்கும்: வீட்டுக்கு போன் பண்ண வேண்டும், பசி, பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை எடுத்துவிட்டார்.

இவ்வளவும் செய்து முடியாமல் மருத்துவர் அனுமதி எழுதினால்: நான்கு மூட்டுக்கு நான்கு பேர், தலைப்பக்கம் ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மல்லாந்த நிலை, தலை சற்று உயர்ந்து. குப்புறப் படுக்க வைத்து முதுகில் அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுபோகும். துணிப்பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. முடிச்சைக் கட்டிலின் அசையாத சட்டத்தில் போட வேண்டும்; ஏறி இறங்கும் பக்கத் தடுப்பில் போட்டால், தடுப்பை இறக்கும்போது மணிக்கட்டு இழுபட்டுவிடும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நிறம், சூடு, நாடி, மூச்சு. இரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு மூட்டாக அவிழ்த்து அசைத்துவிட்டு, தண்ணீர், கழிப்பறை. இந்த இடைவெளிகள் செவிலிய நடைமுறையில் உள்ளவை. சட்டம் சொல்வது தொடர் கண்காணிப்பு என்பதைத்தான். ஏன் இவ்வளவு அடிக்கடி என்று கேட்பார்கள். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறையலாம். மயக்க ஊசிக்குப் பிறகு வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரை வார்டில் கத்திப் போராடி வியர்த்தவர் சில மணி நேரத்திலேயே நீர் வற்றிப்போவார். சில மனநோய் மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றவும் செய்யும்.

மாணவர்களில் விருப்பமுள்ள ஒருவரை, ஒரு கையை மட்டும், பத்து நிமிடம் கட்டிப் பார்க்கலாம். கட்டாயம் கூடாது, வீடியோ கூடாது, "போதும்" என்ற மறுநொடி அவிழ்க்க வேண்டும். மூக்கு அரிக்கும்போது கை வராதது ஒன்றே பல பக்கப் பாடத்தைச் சொல்லிவிடும்.

அடுத்தது பதிவு. "நோயாளி வயலன்ட். கட்டப்பட்டது. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." இப்படித்தான் முதலில் எழுதுவார்கள். இதில் என்ன நடந்தது, எப்போது, யார் சொல்லி, எவ்வளவு நேரம், எதுவுமே இல்லை. கீழே உள்ளதுபோல் எழுத வைக்கவும். முதலில் தமிழில், பிறகு கேஸ் ஷீட்டின் ஆங்கிலத்தில்:

"இரவு 1.40: பக்கத்துக் கட்டில் நோயாளியை ஸ்டீல் டம்ளரால் இரண்டு முறை தலையில் அடித்தார், மறுபடி ஓங்கினார். வராந்தாவுக்கு அழைத்தோம், வரவில்லை. தண்ணீர், மாத்திரை இரண்டையும் மறுத்தார். 1.50: மனநல மருத்துவர் நேரில் பார்த்து அனுமதி எழுதினார். 1.55: இரு மணிக்கட்டும் துணிப்பட்டையால் கட்டப்பட்டன. 2.10: விரல்கள் வெதுவெதுப்பு, நிறம் இயல்பு, மூச்சு நிமிடத்துக்கு 20, தண்ணீர் 100 மி.லி. குடித்தார். 2.25: மாற்றமில்லை. 2.40: குரல் தணிந்தது, இனி அடிக்க மாட்டேன் என்றார், வலது கை அவிழ்க்கப்பட்டது. 2.55: இடது கையும் அவிழ்க்கப்பட்டது. காலை 7.00: நியமனப் பிரதிநிதியான தம்பிக்கு போனில் தெரிவிக்கப்பட்டது."

தவறுகள் நடப்பது பெரும்பாலும் ஷிஃப்ட் மாறும்போது. இரவு நர்ஸ் கட்டியதைக் காலை நர்ஸிடம் சொல்லாமல் போனால், காலை நர்ஸுக்கு அவர் "எப்போதும் கட்டியிருப்பவர்" ஆகிவிடுகிறார். ஆகவே ஒப்படைப்பில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: யார் கட்டப்பட்டிருக்கிறார், எப்போதிலிருந்து, எப்போது அவிழ்க்கலாம்.

படி 6: குளியல், உடை, முடி

நோயாளி கண்ணியத்தோடு வாழும் உரிமையைச் சொல்லும் பிரிவு 20 படிக்க எளிது, வார்டில் கடைப்பிடிப்பது கடினம். மாணவர்களை இரண்டிரண்டு பேராக 30 நிமிடம் வார்டைச் சுற்றிவரச் சொல்லுங்கள். யாரிடமும் கேள்வி கேட்க வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். குளியலறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா? இடுப்பில் ஊசி போடும்போது திரை இழுக்கப்படுகிறதா? பெண்களுக்கு நாப்கின் கேட்காமலே கிடைக்கிறதா, அதைப் போட மூடியுள்ள வாளி இருக்கிறதா? சொந்த உடை அணிய விடுகிறார்களா? கட்டாயச் சீருடையும் கட்டாய மொட்டையும் சட்டப்படி கூடாது.

பேன் இருக்கிறது என்பதற்காக மொட்டை அடிப்பது எளிதான வழியாகத் தோன்றும். பெர்மெத்ரின் லோஷன் போட்டு, பேன் சீப்பால் வாரி, ஏழு முதல் பத்து நாளில் இன்னொரு முறை போட்டால் போதும். நம் ஊரில் பெண்ணின் மொட்டைத் தலை வீடு திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் அவரைத் தெருவுக்கு அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும்.

வார்டைக் கூட்டுவது, சாப்பாட்டுப் பாத்திரம் தூக்குவது போன்றவற்றில் நோயாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை செய்தால் கூலி உண்டு. "சும்மா இருக்கிறதுக்கு ஒரு வேலையாச்சே" என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. தொழில்சார் சிகிச்சை என்றால் அது சிகிச்சைத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாதது வேலை வாங்குதல்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதை நடத்தும்போது, குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டுமே விதிவிலக்கு, அதையும் 15 நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: வெளியே சொல்லாதிருத்தல்

ரகசியம் காப்பது பிரிவு 23. வரையறையை விட்டுவிட்டு, நம் பக்கத்தில் நிஜமாக நடக்கும் காட்சியை நடிக்க வையுங்கள். மாணவி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். சொந்தக்கார அத்தை வருகிறார்: "ஏத்தா, மேலத்தெரு செல்வி மக ஒங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாமே? நம்ம பயலுக்குப் பாத்துருக்கோம், அதான் கேக்குறேன்."

"அப்படி யாரும் வரலத்தை" என்றால், வந்திருந்தால் அது பொய். உண்மையிலேயே வராதவரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது "சொல்லக்கூடாது" என்றால் அந்தப் பெண் வந்தது தெரிந்துவிடும். வந்திருந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் ஒரே பதில் வேண்டும்: "யார் வந்தாங்க, வரலங்கிறத நாங்க யாருகிட்டயும் சொல்லக்கூடாது அத்தை. நாளைக்கு ஒங்களப் பத்தி யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்." மரியாதை குறையாமல், குரல் மாறாமல் இதைச் சொல்ல வரும் வரை திரும்பத் திரும்ப நடிக்கட்டும்.

கேஸ் ஸ்டடி நோட்டில் பெயர், தெரு, சாதி, வேலை செய்யும் கடை எதுவும் வரக் கூடாது. இனிஷியல் போட்டுவிட்டு "டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவர்" என்று எழுதினால் அது மறைத்தது ஆகாது. பின்னணியில் நோயாளி தெரியும் செல்ஃபியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் மீறல்தான்.

விதிவிலக்குகளையும் சொல்ல வேண்டும்: சிகிச்சையில் உள்ள பிற மருத்துவர்கள், நியமனப் பிரதிநிதி, இன்னொருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டிய நிலை, நீதிமன்ற அல்லது வாரிய உத்தரவு. அப்போதும் தேவையான அளவு மட்டும்.

படி 8: தற்கொலைக்கு முயன்று வந்தவர்

இதை மனநல வார்டுக்காக ஒதுக்காதீர்கள். அவசரப் பிரிவிலும் மருத்துவ வார்டிலும்தான் மாணவர்கள் இவர்களை அதிகம் பார்ப்பார்கள். பிரிவு 115-இன்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்ய வற்புறுத்தவோ, செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே இன்னும் குற்றம்.

எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று போலீஸுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனை நடைமுறை, அது நடக்கும். ஆனால் "போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போகணும்" என்று நோயாளியை மிரட்டுவது கூடாது. குடும்பம் பயத்தில் "தவறுதலாகக் குடித்துவிட்டார்" என்று மாற்றிச் சொன்னால் மனநல ஆலோசனையே கிடைக்காமல் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். மாணவர் சொல்ல வேண்டியது: "பயப்படாதீங்கம்மா, ஒங்கள யாரும் தண்டிக்கப் போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு டாக்டர்கிட்ட உள்ளபடி சொல்லுங்க."

படி 9: வீடு திரும்புதல்

குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்க முடியாது என்கிறது பிரிவு 19. நடைமுறையில் போன் எண் மாறிவிடும், முகவரி தவறாக இருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் வேலை அட்மிஷன் நாளிலேயே தொடங்க வேண்டும்: இரண்டு போன் எண்கள், ஊரில் அடையாளம் சொல்லும் ஒரு கடை அல்லது கோயில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர்.

கையில் கொடுக்க வேண்டியவை: மருந்துச் சீட்டும் அதன் விளக்கமும் தமிழில், அடுத்த ஓ.பி. நாள், மாவட்ட மனநலத் திட்ட முகாம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்ற விவரம். மனநோயும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை மாணவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மனநோய் என்று மருத்துவர் எழுதியதாலேயே ஒருவர் "சித்த சுவாதீனம் இல்லாதவர்" ஆகிவிட மாட்டார். அதை உரிய நீதிமன்றம்தான் சொல்ல முடியும். பத்திரப்பதிவுக்காக டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைக் கேட்டு வரும் உறவினரை மனதில் வைத்து இதை நடத்துங்கள்.

படி 10: தவறைப் பார்த்தால்

மாணவருக்கு வார்டில் அதிகாரம் இல்லை. சீனியரை எதிர்த்துப் பேசு என்று சொல்லி அனுப்புவது அவரைத் தனியாக மாட்டிவிடுவது. அதற்குப் பதில், உதவி செய்வது போலவே தவறை நிறுத்தும் வாக்கியங்களைப் பழக்குங்கள். "சிஸ்டர், ஆர்டர் எழுதியாச்சா? நான் டைம் குறிச்சுக்கிறேன்." "கட்டி ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது சிஸ்டர், ஒரு கையா அவுத்து அசைச்சு விடட்டுமா?" "திரைய இழுத்துக்கவா சிஸ்டர்?"

அதற்குப் பிறகும் நடந்தால், அன்றே ஆசிரியரிடம். பார்த்ததை மட்டும், நேரத்தோடு, ஒரு தாளில். அதன் பிறகு அது ஆசிரியரின் பொறுப்பு. மாணவரின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் பொறுப்பு. நோயாளியே புகார் செய்ய விரும்பினால் பிரிவு 28-இன் வழி: பொறுப்பு மருத்துவ அலுவலர், பிறகு மறுஆய்வு வாரியம், பிறகு மாநில மனநல ஆணையம். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

படி 11: கற்றார்களா என்று பார்ப்பது

"உரிமைகளைப் பட்டியலிடுக" என்று கேட்காதீர்கள். ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். ஒன்று, எட்டுத் தவறுள்ள கேஸ் ஷீட்டில் குறைந்தது ஆறு தவறுகளைக் கண்டுபிடிப்பது. இரண்டு, மறுக்கும் நோயாளியிடம் பேசி, திறன் பற்றிய குறிப்பு எழுதுவது. மூன்று, கட்டியிருப்பவரைக் கண்காணித்துப் பதிவு செய்வது. நான்கு, அந்த அத்தை. ஐந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவர் எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறார், வாரியத்திடம் எப்படி முறையிடலாம் என்று வீட்டுப் பேச்சில் விளக்குவது.

ஐந்தாவதில்தான் அதிகம் தடுமாறுவார்கள். "ரிவ்யூ போர்டு", "சப்போர்ட்டட் அட்மிஷன்" என்று அப்படியே ஒப்பிப்பார்கள். நோயாளியாக நடிப்பவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். அவரால் சொல்ல முடிந்ததற்குத்தான் மார்க்.

மூன்றாம் நிலையத்தில் குப்புறக் கிடத்தினாலோ, மருத்துவர் அனுமதியைத் தேடாமல் விட்டாலோ, மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். அதை முடிக்கும் வரை அந்த மாணவருக்கு மனநல வார்டில் இரவு டியூட்டி போடாதீர்கள். போஸ்டிங்கின் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொருவரும் நிஜமாக எழுதிய ஒரு செவிலியக் குறிப்பை எடுத்து, பெயரை மறைத்து, வகுப்பில் எல்லோருமாகத் திருத்துங்கள்.